சிறப்புப் பள்ளியிலிருந்து வேலைக்கு: 15 வயதில் தொடங்க வேண்டியவை

கைவேலை வராமல் வேலையை இழந்த பிள்ளைகளை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. பாக்கிங் கவர் தீர்ந்ததும் கேட்கத் தெரியாமல் அப்படியே நின்றது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனது, பாத்ரூமுக்குப் போனவர் அரை மணி நேரம் கழித்துத் திரும்பியது, பக்கத்தில் உட்கார்ந்தவரின் டிபன் பாக்ஸில் கை வைத்தது என்று இப்படித்தான் வேலை போகிறது. இதையெல்லாம் 18 வயதில் ஆரம்பித்தால் நேரம் போதாது. அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 15 வயதிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் மதிப்பீடு. நம் சிறப்புப் பள்ளிகளுக்குப் பழக்கமான எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் ப்ரோகிராமிங் சிஸ்டம்) படிவத்தில் 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள் இருக்கின்றன. 15 வயதைத் தாண்டிய மாணவருக்கு நேரம், பணம், வீட்டு வேலை, வெளியிடப் பழக்கம், தொழில் ஆகிய பகுதிகளைத்தான் முதலில் எடுக்க வேண்டும். எண் பகுதியில் அடுத்த படி வரவில்லையே என்று இன்னும் இரண்டு வருடம் ஒன்று, இரண்டு எழுத வைப்பது வீண். எண்ணத் தெரியாதவரையும் எண்ணிக்கை தவறாமல் வேலை செய்ய வைக்கலாம்.

அடுத்து, எந்த வேலை? மெழுகுவத்தி, காகிதப் பை என்று வகுப்பில் வருடக்கணக்கில் செய்ய வைக்கிறோம். அதற்கு ஊரில் யாரும் ஆள் எடுப்பதில்லை. மாணவரின் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்ச் சேரக்கூடிய இடங்களை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையில் பாக்கிங், துணிக்கடையில் மடிப்பது, நர்சரியில் பைக்கு மண் நிரப்புவது, அச்சகத்தில் தாள் அடுக்குவது, கேன்டீனில் தட்டு துடைத்து அடுக்குவது போன்றவை அகப்படும். 14 முதல் 18 வயது வரை அபாயகரமான தொழில்களில் அமர்த்தச் சட்டம் அனுமதிக்காது என்பதால், பழகிப் பார்க்கும் இடத்தையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

வேலையைப் படி படியாக உடைப்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. அரைக் கிலோ துவரம்பருப்பு பாக்கிங்கை எடுத்துக்கொள்வோம். தராசில் 500 காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால், 498, 501 என்று எண் ஆடிக்கொண்டே இருக்க, பிள்ளை ஒவ்வொரு பருப்பாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு பாக்கெட்டிலேயே உட்கார்ந்துவிடும். கவரின் எடையைக் கழித்துவிட்டு, 500, 501 என்று 505 வரை பெரிய எழுத்தில் எழுதிய அட்டையைத் தராசின் பக்கத்தில் ஒட்டுங்கள். அட்டையில் இருக்கிற எண் வந்தால் எடுத்துவிடலாம், அவ்வளவுதான். எண்ணே தெரியாதவருக்கு, தலை தட்டினால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும் கப் ஒன்றைக் கொடுத்து, எடை பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள். சீல் பிரிந்து வருகிறது என்று கடைக்காரர் குறை சொன்னால் கவரின் வாயைப் பாருங்கள். பருப்பு மாவு ஒட்டியிருந்தால் சீல் பிடிக்காது. ஆகவே உலர்ந்த துணியால் வாயைத் துடைப்பதும், சீல் போட்டதும் இரண்டு கையாலும் அமுக்கிக் காற்று போகிறதா என்று பார்ப்பதும் தனித்தனிப் படிகள். ஸ்டிக்கருக்கு, ஒட்டுகிற அளவில் ஜன்னல் வெட்டிய அட்டை போதும். எண்ணிக்கைக்குப் பத்துக் குழி உள்ள தட்டு. குழி எல்லாம் நிரம்பினால் பத்து.

சொல்லிக்கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்ளப் பழகுவது நமக்குத்தான் கஷ்டம். "ம், அடுத்து?" என்று ஒவ்வொரு படிக்கும் சொல்லிப் பழக்கிவிட்டால், குரல் வரும்வரை பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு படத்தைச் சுட்டுவது என்று உதவியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். "அண்ணா, கவர் தீர்ந்துடுச்சு" என்ற வாக்கியத்தையும் ஒரு படியாகவே சேருங்கள். வேண்டுமென்றே மூன்று கவர் மட்டும் வைத்துவிட்டுக் கேட்க வையுங்கள். பேச்சு வராதவர் காலிக் கவர் படத்தை நீட்டினால் போதும்.

பஸ் பயிற்சி வேலை கிடைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும். வெள்ளைப் பலகை நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணம் இல்லை. முதலில் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். பிறகு நான்கு வரிசை பின்னால். பிறகு பைக்கில் பஸ்ஸின் பின்னாலேயே. கடைசியில் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருங்கள். சாலை வேலை நடந்தால் நிறுத்தத்தை மாற்றிவிடுவார்கள். நிறுத்தம் தாண்டினால் அடுத்ததில் இறங்கி, நின்ற இடத்திலிருந்தே வீட்டுக்குப் போன் செய்வதை, தாண்டிப் போக விட்டே பழக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் பையில் எப்போதும் இரண்டு பேட் இருக்கட்டும். வேலை இடத்து பாத்ரூமில் குப்பைக்கூடை இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். தொடக் கூடாத இடத்தில் யார் தொட்டாலும் யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஆண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதங்களில் தாமதம் வேண்டாம். அறிவுசார் குறைபாட்டுச் சான்றை 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் 15 வயதுக் கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் வங்கிக் கணக்கு அங்கேயே நிற்கும். 18 முடிந்ததும் எல்லாருக்கும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் தேவைப்படுவதில்லை. பணம் எடுக்கிறோம் என்று புரிந்து கையெழுத்துப் போடுகிறவரின் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. தேவைப்படுபவர்களுக்கு, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும்; விண்ணப்பத்துக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தொழில் மதிப்பீடு வேண்டுமானால், முன்பு வி.ஆர்.சி. (தொழில் மறுவாழ்வு மையம்) என்று அறியப்பட்ட சென்னை கிண்டி மையத்தில் பதியலாம்.

முதலாளியிடம் இரக்கத்தைக் கேட்காதீர்கள். பிள்ளை பத்து பாக்கெட் போடும் வீடியோவைக் காட்டுங்கள். இலவசமாகப் பழகிப் பார்க்கும் காலத்துக்கு முடிவுத் தேதியை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று அது முடியவே முடியாது. சம்பளம் கணக்கில் வரட்டும். கையில் வந்தால் அன்றைக்கே கடன் கேட்கும் சக ஊழியர்கள் எல்லா இடத்திலும் உண்டு.

முதல் இரண்டு வாரம் பயிற்சியாளர் முழு நேரமும் கடையில் இருக்க வேண்டும். பிறகு அரை நாள், பிறகு வாரம் ஒருமுறை. வேலை நன்றாகப் போகிறது என்று முழுதாக விலகும் இடத்தில்தான் பல இடங்களில் சறுக்குகிறது. சூப்பர்வைசர் மாறுகிறார், புது ஆள் ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்கிறார், பிள்ளை குழம்பி நிற்கிறது, "இவனுக்குப் புரியாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதனால் ஒரு பக்கத் தாள் ஒன்று எழுதிக் கடையிலேயே வைத்துவிடுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லவும், செய்து காட்டவும், சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொள்வார், ஐந்து நிமிடம் விட்டால் திரும்பி வருவார், அவசரமென்றால் இந்த எண். அந்தத் தாளை, சூப்பர்வைசர் மாறும்போதெல்லாம் பயிற்சியாளரே நேரில் போய்ப் புதியவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.