பொட்டப்புள்ளயாட்ட ஆடாதடா

நான் ஈரோடு பக்கம் ஒரு கவர்மெண்ட் மேல்நிலைப்பள்ளில பி.டி. டீச்சர். வேலைக்கு சேந்து பத்தொம்பது வருசமாச்சு. எங்க பள்ளிக்கூடத்துல நான் ஒருத்திதான் பி.டி.ங்கறதால பசங்க டீம், பொண்ணுங்க டீம் ரெண்டையுமே நான்தான் பாத்துக்கறேன், கோகோ, ஓட்டப்பந்தயம் எல்லாமும்தான், ஆனா உசுரு கபடி மேலதான். ரொம்ப நாளா மனசுல கெடந்தத போன மாசம் பஸ் ஸ்டாப்ல ஒரு புள்ளய பாத்ததுக்கப்பறம் எழுதிரணும்னு தோணிருச்சு.

குறுவட்டப் போட்டின்னா, அதான் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள்ள நடக்கற மொதக் கட்டப் போட்டி, எங்க பக்கம் ஆடி, ஆவணில வரும். ஆடிக்காத்து அடிக்கற அடில காலைல போட்ட சுண்ணாம்புக் கோடு மத்தியானத்துக்குள்ள பாதி பறந்து போயிரும். மைதானத்த சுத்தி பி.டி. சாருங்க விசில மாட்டிட்டு நிப்பாங்க, அதுல லேடீஸ்னு பாத்தா என்னையும் சேத்து மூணு பேரு, நாலு பேரு இருப்போம். பசங்க மேட்ச் ஆரம்பிச்சு சித்த நேரத்துல ஒரு பையன் எதிர்ப்பக்கத்துக்கு ரைடு போயிட்டு யாரயும் தொடாம திரும்பி வருவான், உடனே கோட்டுக்கு வெளிய இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க, "டேய், பொட்டப்புள்ளயாட்ட ஆடாதடா, போயி பாவாட கட்டிக்க". இத நான் ஒரு மைதானத்துல ஒரு சாருகிட்ட கேட்டதா நெனைக்காதீங்க, பத்தொம்பது வருசமா போன எடத்துலயெல்லாம் கேட்டிருக்கேன். அந்த நேரத்துல அதே கோர்ட்டோரமா அடுத்த மேட்ச் ஆடப்போற எங்க புள்ளைங்க ஜடைய மடிச்சுக் கட்டிட்டு, முட்டிக்கு கேப் மாட்டிட்டு உக்காந்திருப்பாங்க. ஒருத்தி கூட நிமிந்து பாக்கமாட்டா. கோவப்பட்டு மொறச்சாக்கூட எனக்கு ஆறுதலா இருக்கும், அது அவங்க காதுல ஏறவே இல்லாத மாதிரி உக்காந்திருக்கறதுதான் எனக்குத் தாங்கல.

இத சொல்ற நான் அந்த வார்த்தைய சொல்லாதவளான்னா, சொல்லிருக்கேன். வேலைக்கு சேந்த மூணாவது வருசம், எங்க பசங்க லீடுல இருந்த மேட்ச கடைசி அஞ்சு நிமிசத்துல விட்டுட்டாங்க, எனக்கு ஆத்திரம், மறுநாள் பிராக்டீஸ்ல நானே கத்துனேன், "பொட்டப்புள்ளைங்களாட்ட பயந்துட்டு நிக்கறீங்களேடா"ன்னு. பக்கத்துல ஸ்கிப்பிங் ஆடிட்டிருந்த ஒம்பதாவது புள்ள ஒருத்தி கயித்த நிறுத்திட்டு, "ஏனுங் மிஸ், நாங்க எப்பங்க மிஸ் பயந்தோம்?"னு கேட்டா. அவ எதுத்துப் பேசல, நெசமாவே அவளுக்குத் தெரியணும், எந்த மேட்ச்ல பயந்தோம்னு. என்னால பதில் சொல்ல முடியல. சத்தியமா சொல்றேன், அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. எனக்கும் அது எங்க சார் சொல்லிக்குடுத்ததுதான், நான் பள்ளிக்கூடத்துல ஆடறப்ப எங்க சார் நல்லா ஆடுனா "ஆம்பளப் பையனாட்ட ஆடறா"ன்னு பாராட்டுவாரு, நான் அத பெருமையா வீட்ல போயி சொல்லிருக்கேன்.

இன்னொன்னு சொல்லணும். இந்த மாதிரி பேசறவங்களும் கள்ள ஆட்டம் ஆட வெக்கறவங்களும் ரொம்ப எடத்துல ஒரே ஆளா இருக்கறத பாத்திருக்கேன். வயசு தாண்டுன பையன இறக்கறது, வேற பள்ளிக்கூடத்துப் புள்ளய நம்ம புள்ளன்னு லிஸ்ட்ல சேக்கறது, ஒவ்வொரு பாயிண்டுக்கும் கோர்ட்டுக்குள்ள வந்து அம்பயரோட சட்டையப் புடிக்காத கொறையா சண்டைக்கு நிக்கறது. ஒருத்தரு டைம் அவுட்ல அவரு புள்ளைங்கள கூப்ட்டு, "அவளுக்கு வலது கணுக்கால் வீக்கமா இருக்குது, அந்தக் காலயே புடி"ன்னு சொல்றது என் காதுலயே விழுந்துச்சு. எங்க ரைடர் அந்தக் காலோட ஆடி முடிச்சு, மூணு வாரம் நொண்டிட்டுதான் பள்ளிக்கூடம் வந்தா. பதினாலு வயசுப் புள்ளைக்கு இன்னொரு பதினாலு வயசுப் புள்ளயோட அடிபட்ட காலு ஒரு சான்ஸாத் தெரியணும்னு சொல்லிக்குடுக்கறது என்ன கோச்சிங்? ஜெயிக்கறதுக்கு யார வேணும்னாலும் எப்படி வேணும்னாலும் பேசலாம்னு இருக்கற ஆளுக்கு பொம்பளப்புள்ளைங்கள கேவலமா பேசறது பெரிய விசயமாவே தெரியாது.

பொண்ணுங்க மேட்சுன்னா எப்பவும் கடைசிதான். காலைல எட்டு மணிக்கு வரச்சொல்லுவாங்க, "பசங்க மேட்ச் முடியட்டுங்க மேடம்"னு சொல்லிச்சொல்லி சாயங்காலம் நாலரைக்கு கூப்புடுவாங்க. அதுவரைக்கும் வேப்பமரத்தடில உக்காந்திருக்கணும். பாத்ரூம் பூட்டிருக்கும், சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டா வாட்ச்மேன் சாப்புடப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க. புள்ளைங்களுக்கு இது முன்னாடியே தெரியும்ங்கறதால காலைல இருந்து தண்ணியே குடிக்கமாட்டாங்க. அப்பறம் ரெண்டாவது பாதில கெரண்டைக்கால் இழுத்துக்கும், கீழ உழுந்து துடிப்பாங்க, அத பாத்துட்டு சாரு ஒருத்தரு சொல்லுவாரு, "பொட்டப்புள்ளைங்களுக்கு ஸ்டாமினா பத்தாதுங்க மேடம்". பதினஞ்சு நிமிசம் ரெண்டு பாதி ஆட எங்க புள்ளைங்களுக்கு ஸ்டாமினா இருக்குது சார், குடிக்கத் தண்ணியும் போக பாத்ரூமும்தான் இல்ல. பீரியட்ஸ் நாள்ல வர்ற புள்ளைங்க பாட்ட நான் இங்க எழுதல, லேடீஸுக்கு சொல்லவேண்டியதில்ல.

கோர்ட்டுக் கதையும் இதேதான். ஆம்பளைங்களுக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர், பொம்பளைங்களுக்கு 12க்கு 8. நடுக்கோட்டுல இருந்து பாக் லைன், அதான் ரைடு போறவங்க தாண்டவேண்டிய கோடு, ஆம்பளைங்களுக்கு 3.75 மீட்டர், பொம்பளைங்களுக்கு 3 மீட்டர், அதுக்கும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். ஒரு வருசம் பசங்க கோட்டுலயே எங்கள ஆடச்சொன்னாங்க, அழிச்சுப் போட நேரம் இல்லையாம். முக்கா மீட்டர்ல என்ன மேடம் ஆயிரப்போகுதுன்னாங்க. ரைடு போற புள்ளைக்கு முக்கா மீட்டர்ங்கறது ஒரு முழு எட்டு, அந்த ஒரு எட்டுலதான் கார்னர்ல நிக்கறவ கைல மாட்டறதும் தப்பிக்கறதும் இருக்குது. மூணு வருசமா 12க்கு 8ல பழகுன புள்ளைக்கு காலே கணக்கு வெச்சிருக்கும். அன்னைக்கு நானும் கேக்கத் தயங்கி ஆட விட்டுட்டேன், அத நெனச்சா இப்பவும் மனசு ஒப்பல. அதுக்கப்பறம் என் பேக்ல அளக்கற டேப்பும் ஒரு பை சுண்ணாம்பும் இல்லாம போறதில்ல.

ஏன் யாரும் புகார் பண்றதில்லன்னு வெளிய இருக்கறவங்க கேப்பாங்க. எங்க வேலை அப்படி அமைஞ்சிருக்குது. இன்னைக்கு எதிர் டீமோட சாரா நிக்கறவருதான் நாளைக்கு என் டீம் மேட்சுக்கு அம்பயர். பி.டி. சாருங்களேதான் மாத்தி மாத்தி அம்பயரா நிப்பாங்க, பாதிப்பேரு ஒட்டுக்கா ஒரே காலேஜ்ல படிச்சவங்க, மாமா மச்சான்னு பேசிக்கறவங்க. நான் ஒருதடவ எழுதிக் குடுத்தேன், கணுக்கால் விசயத்தத்தான். வாங்கிப் படிச்ச பெரிய சார் நல்ல மனுசன், அவரே என்ன தனியா கூப்ட்டு, "விடுங்க மேடம், உங்க புள்ளைங்க இன்னும் மூணு மேட்ச் ஆடணும்"னாரு. அவரு மெரட்டல, நெசமாவே எனக்கு நல்லதுன்னு நெனச்சுதான் சொன்னாரு. நான் அந்தப் பேப்பர திருப்பி வாங்கிட்டேன். சர்ட்டிபிகேட் மேல புள்ளைங்க வாழ்க்கை நிக்குது, இஞ்சினியரிங் சேரறதுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குது, அரசு வேலைல 3 சதவீதம் இருக்குது, அதனால சாருங்களுக்கும் வெறி, எனக்கும் பயம்.

அதோட லேடீஸ் டீச்சர்னா எஸ்கார்ட்டுன்னே முடிவு பண்ணி வெச்சிருக்காங்க. பொண்ணுங்க டீமுக்கு தொணைக்கு ஒரு லேடி வரணும், அதனால கூட வந்திருக்கற டீச்சர்னு நெனச்சுக்குவாங்க. டாஸ் போடக் கூப்ட்டா நான் எந்திரிச்சுப் போவேன், "உங்க சாரு வரலீங்களா மேடம்?"னு கேப்பாங்க. நான்தாங்க சாருன்னு எத்தன தடவ சொல்றது. 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ் பைனல நான் போன்ல பாத்தேன். பொம்பளைங்க கபடிய ஏசியன் கேம்ஸ்ல சேத்ததே 2010லதான், ஆம்பளைங்களுக்கு 1990லயே வந்திருச்சு, 2010லயும் 2014லயும் தங்கம் நம்மளுது. 2018ல ஈரான் 27க்கு 24ன்னு நம்மள தோக்கடிச்சுது. அந்த ஈரான் புள்ளைங்களுக்கு கோச்சு நாசிக்ல இருந்து போன ஷைலஜா ஜெயின்ங்கற அம்மா. நம்ம டீம் தோத்துப்போச்சேன்னு அழுக வந்துச்சு, அந்தம்மாவ புள்ளைங்க தூக்கிக் கொண்டாடறத பாத்து அதவிட அழுக வந்துச்சு. ஒரு பொம்பளைக்கு கபடி தெரியும்னு நம்பறதுக்கு ஒரு தேசம் வேணும், அது ஈரானா இருந்திருக்குது.

இப்ப அந்தப் புள்ளைக்கு வர்றேன். மூணு வருசத்துக்கு முந்தி குறுவட்ட பைனல். எதிர் டீம்ல ஒரு லெப்ட் கார்னர், எடது ஓரத்துல நின்னு ரைடரப் புடிக்கற புள்ள, ஒல்லியா, கருப்பா, கண்ணு மட்டும் ரைடரோட கால விட்டு நகராது. எங்க புள்ளைங்கள அஞ்சு தடவ புடிச்சா. இருந்தும் நாங்க ரெண்டு பாயிண்ட்ல ஜெயிச்சோம். கை குடுக்க நான் போனா அவங்க சாரு மூஞ்சிய திருப்பிட்டு போயிட்டாரு, அது போகட்டும். புள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு அத்தன பேரு முன்னாடி, "ஒரு பொம்பள கோச் பண்ற டீம்கிட்ட தோத்துட்டு வந்து நிக்கறீங்களேடி, இனிமே கபடியும் வேண்டாம் ஒன்னும் வேண்டாம், போயி சோறாக்கப் பழகுங்க"ன்னு கத்துனாரு. மத்ததுக எல்லாம் அழுதுச்சு. அவ அழுகல, ஷூ கயித்த அவுத்துட்டே இருந்தா. நான் போயி, "கண்ணு, நீ ரொம்ப நல்லா ஆடுன சாமி"ன்னேன். "சரிங்க மிஸ்"னு மட்டும் சொன்னா. அந்த சாருகிட்ட நான் ஒரு வார்த்த பேசிருக்கணும். பேசல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என் புள்ளைங்கள ஏத்திட்டு வந்துட்டேன்.

அடுத்த வருசம் அந்த டீம்ல அவ இல்ல. கேட்டதுக்கு, வீட்ல விடலையாம்னாங்க.

போன மாசம் வெடியால ஏழு மணிக்கு பெருந்துறை போற ரோட்ல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேன். "மிஸ்"னு ஒரு குரல். கழுத்துல பனியன் கம்பெனி ஐ.டி. கார்டு, கைல டிபன் பாக்ஸ். எனக்கு அடையாளம் தெரியறதுக்குள்ள அவளே சொல்லிட்டா, அந்த பைனல்ல லெப்ட் கார்னர் நின்னவங்க மிஸ்னு. இந்த வருசம் உங்க டீம் எதுவரைக்கும் போச்சுங்க மிஸ்னு கேட்டா. வருவாய் மாவட்டப் போட்டில செமில தோத்துட்டோம் கண்ணுன்னேன். யாருகிட்டன்னு கேட்டா, சொன்னேன். சித்த நேரம் யோசிச்சுட்டு, "அவிங்க ரைட் கவர் சீக்கிரம் அவசரப்பட்டு பாயுவாங்க மிஸ், நான் ஞாயித்துக்கெழம போயி பாத்தனுங்க. உங்க புள்ளைங்கள ஒரு எட்டு போயிட்டு நின்னு பாக்கச் சொல்லுங்க, அவளே வந்து உழுவா"ன்னா. கைய நீட்டி ரோட்டு மண்ணுல செருப்பு முனைல கோடு போட்டு காட்டுனா, பாக் லைன் இங்க, கவர் இங்க, நம்ம காலு இங்கன்னு. காட்டி முடிக்கறதுக்குள்ள கம்பெனி வேன் வந்துருச்சு, டிரைவர் ஹாரன் அடிச்சாரு, வாரனுங்க மிஸ்னு ஓடிப்போயி ஏறிக்கிட்டா.