இருட்டறையில் தண்ணீரின் எடை

வீட்டில் ஓர் அறையை, ஃபிலிமிலிருந்து புகைப்படங்களை அச்சிடும் தற்காலிக இருட்டறையாக மாற்றிக்கொள்பவர்கள் முதலில் ஒளிக்கசிவைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். சன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவிடுக்குக்கு ரப்பர் பட்டை, படத்தாளைக் கெடுக்காத சிவப்பு விளக்கான சேஃப்லைட்டுக்குச் சரியான தூரம் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். பிரிண்டுகளை, அதாவது அச்சிட்ட படங்களை, கழுவும் தொட்டியை எதன்மேல் வைப்பது என்று வரும்போது மட்டும், வீட்டில் சும்மா கிடக்கும் ஏதாவது ஒரு மேசையை இழுத்துப் போட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அதனால் நேர்ந்ததையும், அதற்குப் பிறகு நான் கட்டிய தாங்கியைப் பற்றியும் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அந்த மேசை, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டால் ஆனது. மேலே வழவழப்பான தாள் ஒட்டப்பட்டிருந்ததால் தண்ணீர் படலாம் என்று நம்பிவிட்டேன். ஒருநாள் இரவு, சிவப்பு வெளிச்சத்தில் தொட்டியைப் பார்த்தபோது, இடது பக்கம் நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளியும், வலது பக்கம் ஒரே விரல் இடைவெளியும் இருந்தன. தொட்டியைச் சற்றுக் கோணலாக வைத்துவிட்டேன் போலும் என்று நினைத்துக்கொண்டு பிரிண்ட் போடுவதைத் தொடர்ந்தேன். அரை மணி நேரத்துக்குள் வலது மூலைக் கால் பலகையைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்தது. தொட்டியிலிருந்த தண்ணீரில் பெரும்பகுதி தரையில் கொட்டி, படத்தைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் என்லார்ஜருக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த நீட்டிப்புப் பெட்டியை நோக்கி ஓடியது. அந்தப் பெட்டி தரையில்தான் கிடந்தது. கதவருகே இருந்த சுவிட்சை அணைக்கக் கை எட்டியதால் எனக்கு எதுவும் ஆகவில்லை. பிறகு அந்த மூலையைப் பார்த்தபோது, திருகாணி இருந்த இடத்தில் ஈரமான மரத்தூள்தான் மிஞ்சியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. பலகையின் வெட்டுமுனை வழியாகப் பல வாரங்களாகத் தண்ணீர் ஊறியிருக்கிறது. மேல்தாள் மட்டும் கடைசிவரை புதிதுபோலவே இருந்தது.

தண்ணீரின் எடைக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அது கடினமான கணக்கும் அல்ல. நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பிரிண்டுகளைத் தனித்தனிப் பிரிவுகளில் செங்குத்தாக நிறுத்திக் கழுவும் அக்ரிலிக் தொட்டி ஒன்று உள்ளளவில் 55 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம் இருந்து, நீர் 45 செ.மீ. உயரம் நிற்குமானால், தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 87 கிலோ வரும். தொட்டியின் எடை அதற்கு மேல். வளர்ந்த ஓர் ஆள் மேசையின்மேல் ஏறி மணிக்கணக்கில் இறங்காமல் நிற்பதற்கு இது சமம். டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்சர் ஆகிய ரசாயனக் கரைசல்களின் தட்டுகள் தனித்தனியாகப் பார்த்தால் இலேசானவைதாம். ஆனால் அவற்றின் வெப்பநிலையைக் காக்க ஒரு பெரிய நீர்த்தட்டுக்குள் வைத்தால், 60 செ.மீ.க்கு 40 செ.மீ. அளவுள்ள அந்தத் தட்டில் வெறும் 12 செ.மீ. ஆழ நீரே 29 கிலோவை நெருங்கிவிடும்.

தரையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். நீர் தன் அடியில் தரும் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது: 10 செ.மீ. ஆழத்துக்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோ. பல நாடுகளின் கட்டட விதிகள் குடியிருப்புத் தளங்களுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரையிலான சுமையைக் கணக்கில் கொள்கின்றன. 45 செ.மீ. உயர நீர் 450 கிலோ கணக்கில் அழுத்தினாலும், தொட்டி அடைக்கும் இடம் சிறியது என்பதால் கான்கிரீட் தளத்தில் பொதுவாகக் கவலைக்கு இடமில்லை. மரத்தளமாக இருந்தால் தொட்டியை அறையின் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, தளத்துக்கு அடியில் ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக, ஒன்றுக்கு மேற்பட்ட உத்தரங்கள் சுமையைப் பகிரும்படி வைப்பது நல்லது. ஐயம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் தண்ணீர் நிரப்பாதீர்கள்.

இனித் தாங்கி. ஒரு சுமை மேலிருந்து தரைவரை எந்த வழியாக இறங்குகிறது என்பதை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும் என்பதே இப்போது நான் வைத்திருக்கும் சோதனை. பலகை சட்டத்தின்மேல் அமர வேண்டும்; சட்டம் காலின் தலைமேல், அல்லது காலில் வெட்டிய படிமேல் அமர வேண்டும்; கால் தரையில் அமர வேண்டும். இந்த வழியில் எந்த இடத்திலாவது சுமை முழுவதும் ஒரு திருகாணியின் பிடியில் மட்டும் தொங்குமானால் அந்த இடம்தான் முதலில் போகும். போல்ட்டும் திருகாணியும் மரங்கள் விலகாமல் பிடித்துக்கொள்ளட்டும். எடையை மரத்தின்மேல் மரமாகவே இறக்குங்கள்.

பலகைக்கு நீர்தாங்கும் தரப் ப்ளைவுட் வேண்டும். வெட்டுமுனைகளுக்கு எப்பாக்சியோ வார்னிஷோ இரண்டு மூன்று முறை பூச வேண்டும். பலகையின் தடிப்பைவிட அதன் அடியிலுள்ள தாங்கல்களின் இடைவெளிதான் முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீராகப் பரவிய சுமையின்கீழ், தடிப்பை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகும். தாங்கல்களின் இடைவெளியைப் பாதியாக்கினாலோ ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் சேர்ப்பது விலையுயர்ந்த பலகையைவிட அதிகப் பயன் தரும். அக்ரிலிக் தொட்டிக்கு இது இன்னும் அவசியம். அடிப்பாகம் முழுவதும் சமமாக அமராவிட்டால் ஒட்டுமூலைகளில் இறுக்கம் சேர்ந்து ஒருநாள் விரிசல் விடும்.

மேலிருந்து அழுத்தும் எடையை எல்லோரும் நினைக்கிறார்கள். பக்கவாட்டு அசைவை மறந்துவிடுகிறார்கள். தொட்டியில் நீர் ஒரு பக்கம் அலைந்தால் எடையும் அதே பக்கம் நகர்கிறது. இருட்டில் தட்டைத் தேடும் கை, மேசை விளிம்பில் உடல் எடையை ஊன்றுகிறது. நான்கு கால்களும் நான்கு சட்டங்களும் மட்டுமே உள்ள மேசை, செவ்வகம் சரிந்து இணைகரமாவதுபோல மெல்லச் சாயத் தொடங்கும். பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் மூலைவிட்டமாக ஒரு கட்டை அறைந்தாலோ, ஒரு ப்ளைவுட் தகட்டை முழுதாக வைத்துத் திருகினாலோ அந்த அசைவு அடியோடு நின்றுவிடும். சுவரோடு ஒரு கோணத் தகட்டால் இணைத்தால் கவிழும் அபாயமும் குறையும். ஆனால் எடையைச் சுவர்மேல் ஏற்றக் கூடாது. உருளைச் சக்கரம், மடக்குக் கால், இஸ்திரிப் பலகை, குளியல் தொட்டியின் விளிம்பில் கட்டாமல் வைத்த பலகை ஆகியவற்றில் பெரிய நீர்த்தொட்டியை வைக்கவே கூடாது.

தரை சமமாக இல்லாவிட்டால் நான்கு கால் மேசையில் மூலைவிட்டத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு கால்களே ஏறக்குறைய முழுச் சுமையையும் சுமக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, குட்டையான காலுக்கு அடியில் நீரில் ஊறாத தகடு கொடுத்து, நான்கும் உறுதியாக ஊன்றிய பிறகே நிரப்புங்கள். ஓடுகள் பதித்த தரையானால் ஒவ்வொரு காலுக்கும் அகலமான கட்டை ஒன்றை அடியில் கொடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது: என்லார்ஜரும் டைமரும் அறையின் எதிர்ப்பக்கத்தில், வேறொரு மேசையில் இருக்க வேண்டும். ஓடும் நீரின் அதிர்வு என்லார்ஜருக்குக் கடத்தப்படாமல் இருக்கவும் அதுவே வழி. நீட்டிப்புப் பெட்டி தரையில் கிடக்காமல் சுவரில் உயரமாக மாட்டப்பட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். அன்றிரவு எங்கள் வீட்டில் அது இல்லை.

இன்னொன்று: பெரிய தொட்டி உங்களுக்கு உண்மையிலேயே தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நீர் ஊறாதபடி பிளாஸ்டிக் பூசிய ரெசின் தாளைக் கழுவச் சில நிமிடங்கள் போதும். அதை ஒரு சாதாரணத் தட்டிலேயே முடித்துவிடலாம். அந்தப் பூச்சு இல்லாத, நீரை உறிஞ்சும் ஃபைபர் தாளுக்குத்தான் நீண்ட நேரக் கழுவல் வேண்டும். அதையும் மாதம் நான்கைந்து பிரிண்ட் மட்டும் போடுபவர் தட்டில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிக்கொள்ளலாம்.

புதிய தாங்கியைக் கட்டி முடித்ததும் பிரிண்டுகளோ ரசாயனமோ இல்லாமல் வெறும் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டுவைத்தேன். முன்பக்கச் சட்டத்தின் இரு முனைகளுக்கும் இடையில் ஒரு நூலை இறுக்கிக் கட்டி, நடுவில் நூல் நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்தேன். மரம் சுமையின்கீழ் நாட்கணக்கில் மெல்லத் தொய்யும் இயல்புடையது என்பதால், ஒரு வாரம் கழித்து மீண்டும் நூல் கட்டிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் இறங்கி அங்கேயே நின்றிருந்தது. இப்போதும் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும், வெள்ளை விளக்கை அணைப்பதற்குமுன், தொட்டியின் இரு பக்கங்களிலும் நீருக்கும் விளிம்புக்கும் இடையே விரல்களை வைத்துப் பார்க்கிறேன்.