வலப்பக்கப் பொக்கட்

மூண்டு வருசம் கொழும்பில ஒரு சின்ன ஓஃபிஸ்ல பழைய படங்கள் ஸ்கேன் பண்ணுற வேலை செய்தனான். கேக்கப் பெரிய வேலை மாதிரித்தான் இருக்கும், உண்மையில பாதி நாள் கையுறை போட்டுக்கொண்டு தூசி ஊதுறதுதான். அதில ஒரு ஆறு மாசம் முழுக்க கம்பஸ் படங்கள், அதாவது கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பழைய படங்கள், பழைய மாணவர்களின்ர வீடுகளில இருந்து பிஸ்கட் ரின்னிலயும் சூட்கேசிலயும் வந்தது. கொழும்பு ஈரத்துக்கு எல்லாம் பூஞ்சணம். அதை விட மோசம் 70களில வந்த அந்த ஒட்டுற ஆல்பம், மேல பிளாஸ்டிக் தாள் போட்டது, உரிக்கப் போனா ஆரின்ரயோ கன்னம் பசையோட வந்திடும், அதால ஆல்பத்தோடயே வச்சு ஸ்கேன் பண்ணிவிடுவம்.

கட்டடப் படம் வந்தா எனக்குச் சந்தோசம். தேர்ஸ்டன் ரோட்டு கொலிஜ் ஹவுஸ் எண்டா ஒரு பார்வையில தெரியும் (ரோட்டுக்கு இப்ப குமாரதுங்க முனிதாச மாவத்தை எண்டு பேர், ஓட்டோக்காரருக்குச் சொல்லேக்க ரெண்டையும் சொல்லுறது நல்லம்). அது முதல்ல டி சொய்சா குடும்பத்து மாளிகை, மனுசியின்ர பேரில ரெஜினா வளவு எண்டு கட்டினது. 1921 ஜனவரியில யுனிவர்சிட்டி கொலிஜ் அங்கதான் தொடங்கினது. பிறகு 1942இல இலங்கைப் பல்கலைக்கழகம், ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். 1972இல கொழும்பு வளாகம், 1978இலதான் கொழும்புப் பல்கலைக்கழகம். ஆனா 1938ஆம் ஆண்டுப் படத்துக்குப் பின்னால பேரப்பிள்ளை போல்பொயின்ற் பேனையால கொழும்புப் பல்கலைக்கழகம் எண்டு எழுதியிருக்கும், நான் இருந்து திருத்துவன். 1906இலயே சங்கம் வச்சு எங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேணும் எண்டு நிண்ட பொன்னம்பலம் அருணாசலம் 1924இல காலமானவர், கொலிஜைக் கண்டார், யுனிவர்சிட்டியைக் காணேல்ல. அவரின்ர படம் கையில வரேக்க மட்டும் கொஞ்ச நேரம் வச்சுப் பார்த்திட்டு அடுத்ததுக்குப் போவன்.

குறூப் படங்கள்தான் தொல்லை. ஒருக்கா ஒரு பெரிய ஃபிலிம் நெகடிவ் வந்தது, 50களின்ர சயன்ஸ் குறூப். 1952இல ஆர்ட்ஸ்காரர் பேராதனைக்குப் போயிட்டினம், சயன்ஸ் இங்கயே நிண்டது. கதிரையில ஒன்பது பேர், பின்னால ரெண்டு வரிசை, கூடவே டைப் பண்ணின பேர் லிஸ்ட், இடமிருந்து வலம். நான் ஸ்கேன் பண்ணி பேரெல்லாம் போட்டு முடிச்சு, நல்லா வந்திட்டுது எண்டு பிளேன்ரீயும் குடிச்சிட்டன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையில ஒரு அங்கிளிட்டப் போனன், அந்த பட்ச் ஆள், தொண்ணூறுக்குக் கிட்ட வயசு. பூதக்கண்ணாடியை வச்சு ஒரு நிமிசம் பார்த்திட்டு, "பிள்ளை, எங்கட கோட்டுக்கெல்லாம் எப்ப தொடக்கம் வலப்பக்கம் பொக்கட்?" எண்டார்.

எனக்கு முகம் செத்துப்போச்சு. நெகடிவைத் திருப்பி வச்சு ஸ்கேன் பண்ணியிருக்கிறன், படம் கண்ணாடியில பார்த்த மாதிரி மாறிக்கிடக்கு. அந்த ஃபிலிமின்ர மூலையில சின்ன வெட்டு இருக்கும், இருட்டறைக்குள்ள கையால தடவி எந்தப் பக்கம் படம் பதியிற மருந்து எண்டு பிடிக்கிறதுக்கு, ஃபிலிமை நெட்டுக்குப் பிடிக்கேக்க அந்த வெட்டு வலப்பக்கம் மேல வந்தா மருந்துப் பக்கம் எங்களைப் பார்க்குது எண்டு அர்த்தம். எனக்கு அது தெரியும், தெரிஞ்சுகொண்டே பார்க்கேல்ல. ஒன்பது பேரில நடுவில இருந்த பேராசிரியர் மட்டும் தப்பினார், மற்ற எட்டுப் பேரும் ஆள்மாறி இருந்தவை. அவரின்ர முகம் மட்டும்தான் ஓஃபிஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச முகம், அதாலதான் ஒருத்தருக்கும் பிடிபடேல்ல. பின்னால நிண்ட கட்டடமும் திரும்பித்தான் கிடந்தது, யன்னல் யன்னலாத்தானே இருக்கும், அது எனக்கு ஒண்டும் சொல்லேல்ல.

அங்கிள் சிரிச்சுப்போட்டு ஓரத்தில நிண்ட ஆளைத் தொட்டார். சேட்டும் சாரமும், பாதித் தோள் படத்துக்கு வெளியில. "இவரை ஏன் விட்டிட்டீர்?"

லிஸ்டில இல்லை அங்கிள் எண்டன்.

"லிஸ்டில எங்க இருக்கப்போறார். லாப்ல பாலன்ஸ் எண்டுற கண்ணாடிப் பெட்டித் தராசு எல்லாத்தையும் சேர் வரமுதலே சரிபண்ணி வைக்கிறது இவர்தான். கதவைத் திறந்துவச்சு நிறுத்தா ஏசுவார், மூச்சுக் காத்துக்கே முள் ஆடுமாம். நிறுக்கப் பழக்கினது சேர் இல்ல, இவர்."

பேர்?

கனநேரம் யோசிச்சார். "பாலன்ஸ் அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. நாலு வருசம் கூப்பிட்டம்."

அடுத்த நாள் நெகடிவைச் சரியாத் திருப்பி ஸ்கேன் பண்ணி, எட்டுப் பேரையும் அவையவையின்ர கதிரையில இருத்தினன். எங்கட சிஸ்டத்தில பேர்ப் பெட்டியை வெறுமையா விட்டா ரெக்கோட் சேவ் ஆகாது, தெரியாத ஆக்களுக்கு 'தெரியாதவர்' எண்டு போடுறதுதான் வழக்கம். நான் நிக்கிறவர்கள், இடக்கடைசி, பாலன்ஸ் அண்ணை எண்டு அடிச்சன். பிறகு இடக்கடைசியா வலக்கடைசியா எண்டு சந்தேகம் வந்து, முன்வரிசைக் கோட்டுப் பொக்கட்டை இன்னொருக்கா பார்த்திட்டுத்தான் சேவ் பண்ணினன்.