வீட்டுக்காரரின் ஐசி, வாடகைக்காரரின் ஐசி

கோலாலம்பூரில், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு காண்டோவை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? உங்கள் பெயர் வெளியே தெரியாமல் இருக்க வழியில்லை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் நில அலுவலகத்தில் 'சாரியான் பெர்செண்டிரியான்' என்ற உரிமைத் தேடல் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். கிராண்டில் (வீட்டு உரிமைப் பத்திரத்தில்) பதிவான பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், வீடு வாங்கியபோது கொடுத்த முகவரி எல்லாம் அதில் வந்துவிடும்.

இதற்குப் பயந்து சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) ஒன்றைத் திறந்து அதன் பெயரில் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் கம்பெனிகளைப் பதியும் எஸ்எஸ்எம்மில் பணம் கட்டினால் இயக்குநர் பெயரும் கிடைத்துவிடும். அதற்கு மேல் வரி. ஐந்து ஆண்டுக்குப் பிறகு விற்றால் குடிமகனுக்குச் சொத்து ஆதாய வரி இல்லை. கம்பெனிக்கோ அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு கழித்து விற்றாலும் 10 விழுக்காடு. ஒரு லட்சம் ரிங்கிட் லாபத்தில் பத்தாயிரம் போய்விடும். ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவருக்கு இது வேண்டாத வேலை.

மறைத்துக் காக்க நம் கையில் இருப்பது நாம் குடியிருக்கும் வீட்டு முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு. விளம்பரத்தில் சொந்த எண்ணைப் போட்டால், பார்க்கிற எவரும் அதை வங்கிச் செயலியில் டுயிட்நவ் (தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி) எண்ணாக அடித்துப் பார்க்கலாம். ஒரு காசு அனுப்பாமலே முழுப் பெயர் திரையில் வந்து நிற்கும். வாடகைக்கென்று தனி பிரிபெய்டு சிம் எடுத்துக்கொள்ளுங்கள், அதை டுயிட்நவ்வில் பதியாதீர்கள். வாடகைப் பணத்துக்கும் தனிச் சேமிப்புக் கணக்கு இருக்கட்டும்.

படங்களிலும் கவனம் வேண்டும். பால்கனியிலிருந்து எடுத்த ஒரே படத்தில் எல்ஆர்டி தண்டவாளமும் பக்கத்துக் கோபுரமும் தெரிந்தால் எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். காலி வீடு என்பதும் விளம்பரத்திலேயே இருக்கிறது. சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் கூடவே கூடாது. பற்கள் தெளிவாகத் தெரிந்தால் மாற்றுச் சாவி வெட்ட அதுவே போதும்.

டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) அனுப்பும் வீட்டுவரி பில் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அஞ்சல் முகவரியை மாற்றாவிட்டால் அது வாடகைக்காரர் கையில்தான் போய்ச் சேரும், நீங்கள் கட்டத் தவறியதும் அவருக்குத் தெரியும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தால் இன்னும் மோசம். கட்டாதவர்களின் பெயர், வீட்டு எண், பாக்கித் தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி நிர்வாக) விதிகளே நிர்வாகத்துக்கு அனுமதி தருகின்றன.

இதுவரை சொன்னது நம்மைப் பற்றி. பெரும்பாலும் ஒழுகுவது வாடகைக்காரரின் தகவல்தான். வீடு பார்க்க வந்த ஆறு பேரிடமும் ஐசி நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு என்று புலனத்தில் கேட்டு வாங்குகிறோம். அவை தானாகவே போன் கேலரியில் இறங்கி, குடும்பத்தார் எல்லோரும் பார்க்கும் கிளவுடுக்கும் ஏறிவிடும். ஐசியின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண். முகவரியும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

அதனால் வீடு பார்க்கும் கட்டத்தில் பெயரும் வேலையும் போதும். வாடகைக்கு எடுப்பதாக முடிவு செய்தவரிடம் மட்டும் ஐசி நகல் கேளுங்கள். ஐசி படத்தின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் 'இந்த வீட்டு வாடகைக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத்து ஐசி எண்ணின் மேல் விழாமல், ஆனால் படத்தை விட்டு விலகாமலும் இருக்க வேண்டும். ஓரத்தில் எழுதினால் வெட்டி எறிந்துவிடலாம். புலனத்தில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவையுங்கள். வீடு கிடைக்காதவர்களின் ஆவணங்களை அன்றே அழித்துவிடுங்கள். ஒப்பந்தமும் ரசீதுகளும் வருமான வரிக்காக 7 ஆண்டு இருக்க வேண்டும். சம்பளச் சீட்டுக்கு அந்தத் தேவை இல்லை.

2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. ஒரே வீடு வைத்திருப்பவரும் அதற்கு உட்பட்டவர் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பத்திரம். தகவல் எதற்கு வாங்குகிறோம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தோடு அரைப் பக்கம் சேர்த்தால் ஆயிற்று. திருத்தச் சட்டம் வந்தபின், பெரிய அளவில் தகவல் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு 72 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும். உச்ச அபராதமும் மூன்று லட்சத்திலிருந்து பத்து லட்சம் ரிங்கிட்டாக ஏறிவிட்டது. வாடகை தராமல் ஓடியவரின் ஐசியை முகநூல் குழுவில் போட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. பாக்கியை வசூலிக்க வக்கீல் கடிதம் இருக்கிறது.

கேமரா வாசலுக்கு வெளியே மட்டும், அதுவும் எதிர்வீட்டுக் கதவுக்குள் பார்க்காமல். அறைகளை வாடகைக்கு விடும் வீடுகளில் ஹாலில் ஒன்றை மாட்டிவைத்து 'பாதுகாப்புக்கு' என்கிறார்கள். அங்கே ஒருவர் குடியிருக்கிறார் என்பதை மறந்துவிட்டார்கள். ஸ்மார்ட் பூட்டு போட்டிருந்தால் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்பதெல்லாம் உங்கள் செயலியில் வரிசையாக நிற்கும். அந்த அறிவிப்பை அணைத்துவிடுங்கள். வீடு காலியானதும் பூட்டின் எண்ணையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றி, பழையவரின் கைரேகைப் பதிவை நீக்கி, பிறகு டெபாசிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.