தராசுத் திரைக்குப் பின்னால் ஒரு சூரியக் கலம்: ஆக்கவுரிமை பெற்ற அனுபவம்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு அண்மையில் இலத்திரனியல் தராசுகளையும் கைத்தொலைபேசிகளையும் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். தை, மாசி மாதங்களில் காலபோக நெல் வெட்டத் தொடங்கியதும் தராசுகள் வரிசையாக வந்து சேரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே நோய்கள்தான் இருக்கும். ஒன்று, களத்தில் மின்சாரம் இல்லாததால் பற்றறி செத்துப்போவது. மற்றது, திரையையும் சுற்றுப்பலகையையும் இணைக்கும் இறப்பர் பட்டியில் தூசும் வெக்கையும் ஏறி, இலக்கத்தின் ஏழு கோடுகளில் ஒன்று தெரியாமல் போவது. எட்டின் நடுக்கோடு மறைந்தால் அது பூச்சியம். 68 கிலோ மூட்டை 60 கிலோவாகத் தெரியும்போது அந்த எட்டுக் கிலோ யாருடைய கணக்கில் போகிறது என்பதை இங்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முதல் நோய்க்கு மருந்து தேடித்தான் எல்.சி.டி. எனப்படும் திரவப் பளிங்குத் திரைக்குப் பின்னால் சூரியக் கலத்தை வைத்துப் பார்த்தேன். தனிப் பலகையாகப் பொருத்தினால் மூட்டை இடித்து உடைந்துவிடும். திரைக்குள்ளேயே இருந்தால் அந்தக் கவலை இல்லை என்பது என் எண்ணம். திரையின் பின்புறத்திலிருந்த வெள்ளி நிறத் தாளை உரித்துவிட்டு அந்த இடத்தில் கலத்தை ஒட்டினேன். வெயிலில் தனியாக 60 மில்லி அம்பியர் தந்த கலம் திரைக்குப் பின்னால் 22 தான் தந்தது. திரையின் இருபுறமும் உள்ள, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாள்கள் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதே காரணம். அதைவிடப் பெரிய சிக்கல், கறுத்த கலத்தின் மேல் கறுத்த இலக்கங்கள் தெரியாமல் போனது. இடையில் ஒரு ட்ரேசிங் தாளை வைத்த பிறகு இலக்கம் தெளிந்தது. மின்னோட்டம் 13க்கு இறங்கியது. அந்தத் தராசுக்கு அது போதும்.

இதற்கு பேட்டன்ட் எடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆக்கவுரிமை என்று நம் சட்டத்தமிழில் வழங்கும் அந்த உரிமைக்கு, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று தகுதிகளைக் கேட்கிறது: விடயம் உலகில் எங்கும் முன்னர் வெளியாகாத புதுமையாக இருக்க வேண்டும், அத்துறையில் சாதாரண தேர்ச்சி உள்ள ஒருவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத புத்தாக்கப் படி அதில் இருக்க வேண்டும், கைத்தொழிலில் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது எனக்குத் தொல்லை தரவில்லை. முதல் இரண்டும்தான் ஒன்றரை வருடம் என்னை அலைக்கழித்தன.

கொழும்பில் எனக்கு அறிமுகமான இடைத்தரகர் ஒருவர் முற்பணம் வாங்கிக்கொண்டு, "சூரியக் கலம் உள்ளடக்கப்பட்ட எந்தவொரு காட்சித் திரையும்" என்று முதலாவது உரிமைக்கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை வகுக்கும் வாசகத்தை, ஒரே வரியில் எழுதித் தந்தார். வலை எவ்வளவு அகலமோ அவ்வளவு மீன் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. இதே யோசனை முன்னரே வெளியாகியிருக்கிறதா என்று பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தாரா என்று கேட்டபோது, அதை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்றார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலின் விலை பிறகு தெரிந்தது.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. விண்ணப்பிப்பதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர் பாடசாலைக் கண்காட்சியொன்றில் அந்தத் தராசை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினேன். விண்ணப்பதாரர் தாமே வெளியிட்டதை, விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஓராண்டுக்குள் நடந்திருந்தால் நம் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இலங்கையில் தப்பினேன். ஐரோப்பாவில் அப்படியொரு பொதுச் சலுகை கிடையாது. அங்கே அந்தக் கண்காட்சி நாளோடு என் கதவு மூடிவிட்டது.

விண்ணப்பப் படிவம், கண்டுபிடிப்பை விளக்கும் விபரணம், உரிமைக்கோரிக்கைகள், வரைபடங்கள், சுருக்கம் ஆகியவற்றோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குச் சென்று, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தாக்கல் செய்தேன். முன்னர் வெளியான ஆவணங்களைத் தேடித் தரும் சர்வதேச வகைத் தேடல் அறிக்கையை நானாகப் பெற்றுக் கொடுப்பதற்குப் பதிலாக, உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கட்டணம் செலுத்திக் கேட்டுக்கொண்டேன்.

மாதங்கள் கழித்து வந்த பரிசோதனை அறிக்கையில் முதலாவது கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர்தான் நானே தேட உட்கார்ந்தேன். ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெற் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சொற்களால் தேடுவதைவிட வகைப்பாட்டு எண்ணால் தேடுவது பலன் தரும். சூரியக் கலம் கொண்ட திரவப் பளிங்குத் திரைகளுக்கென்றே ஜி02எஃப் 1/13324 என்று ஓர் எண் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டபோதே என் "புதுமை" எவ்வளவு பழையது என்று விளங்கிவிட்டது. ஓரிருவர் செய்த வேலைக்குத் தனி எண் கொடுக்கமாட்டார்கள். சிட்டிசன் நிறுவனம் 1976இலேயே சூரியக் கலத்தில் ஓடும் முள் கைக்கடிகாரத்தை விற்றிருக்கிறது. பிற்காலத்தில் அந்தக் கலத்தை முகப்புத் தட்டின் கீழேயே மறைத்தும் வைத்தது. அதாவது ட்ரேசிங் தாள் யோசனையின் பாட்டன் அங்கே இருக்கிறார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தினர், முனைவாக்கித் தாளையே சூரியக் கலமாக்கி அது விழுங்கும் வெளிச்சத்தை மின்னாக மீட்கும் முறையை 2011இல் வெளியிட்டிருந்தார்கள். தொடு உணரியையும் சூரியக் கலத்தையும் ஒன்றாக்கும் அமைப்புக்கு ஆப்பிள் நிறுவனம் 2013இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றிருந்தது. 2015இல் கியோசெரா நிறுவனம் திரைக்குள் ஒளிபுகும் சூரியப் படலம் வைத்த கைத்தொலைபேசி மாதிரியைக் காட்டியிருந்தது.

சோர்ந்துபோய், ஓய்வுபெற்ற தொழினுட்பக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவரிடம் கோப்பைக் கொண்டுபோனேன். முழுவதையும் வாசித்துவிட்டு, விபரணத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். "தம்பி, நீர் எழுதினதிலேயே பெறுமதியானதை ஏன் வாலில் கட்டி வைத்திருக்கிறீர்?" என்று கேட்டார்.

அந்தப் பக்கத்தில் ஐந்து வரிகள் இருந்தன. தராசைப் போட்டவுடன் அது ஒவ்வொரு கோடாகக் கறுப்பாக்கி வெளுப்பாக்கும்; ஒரு கோடு உண்மையில் கறுத்தால் பின்னாலுள்ள கலத்துக்குப் போகும் வெளிச்சம் சற்றுக் குறைந்து மின்னோட்டம் விழும்; விழாவிட்டால் அந்தக் கோடு செத்துவிட்டது என்று அறிந்து தராசு நிறுக்க மறுக்கும். மேகம் மறைப்பதால் வரும் மாற்றத்தோடு இது குழம்பாதபடி, கறுப்புக்கும் வெளுப்புக்கும் இடையிலான ஒப்பீடு ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். களத்தில் கேட்ட முறைப்பாடுகளுக்காகச் சேர்த்த இந்த வேலையை நான் கண்டுபிடிப்பாகவே எண்ணியிருக்கவில்லை. சொல்லிக் காட்டுவதற்கு நல்லாயிருக்கும் என்றுதான் எழுதினேன்.

அவர் விளக்கிய தருக்கம் இதுதான். திரையும் கலமும் சேர்ந்து தத்தம் பழைய வேலையையே செய்தால் அது வெறும் சேர்க்கை. மின்னூட்டும் கலம் அதே நேரத்தில் திரையின் குறையைக் கண்டுபிடிக்கும் உணரியாகவும் மாறும்போது, தனித்தனியாக இருக்கையில் இரண்டுக்கும் இல்லாத ஒரு பயன் பிறக்கிறது. தேடலில் அகப்பட்ட ஆவணங்களுள் எதுவும் அந்தத் திசையில் கை காட்டவில்லை. அவை எல்லாமே கூடுதல் மின்சாரத்தைத் தேடின.

திருத்தம், முதலில் தாக்கல் செய்த விபரணத்துக்கு அப்பால் போகக்கூடாது என்பது விதி. அந்த ஐந்து வரிகளை எழுதாமல் விட்டிருந்தால், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் சேர்க்க முடிந்திருக்காது. அன்றிரவு முதலாவது கோரிக்கையை நானே எழுதினேன். ஒரு வரி அரைப் பக்கமாக வளர்ந்தது, அது காக்கும் நிலமோ ஒரு பரப்புக் காணியளவு சுருங்கியது. பரிசோதகரின் ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும், எந்த ஆவணத்தில் எது இல்லை என்று பந்தி பந்தியாகப் பதில் எழுதி, கோட்டுச் சோதனையின்போது அளந்த மின்னோட்ட வரைபையும் விளக்கத்துக்காக இணைத்தேன். அடுத்த சுற்றில் வந்த கடிதத்தில் "சற்றுக் குறைந்து" என்ற சொல் தெளிவில்லை என்று கேட்டார்கள். விபரணத்திலேயே இருந்த ஒப்பீட்டு முறையைச் சுட்டி அதையும் திருத்தினேன்.

விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு என்று சான்றிதழ் வந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அதற்கு முன்பே உரிமை இறந்துவிடும் என்பதால், அதைக் கட்ட வேண்டிய திகதியைக் கடைச் சுவர் நாட்காட்டிக்கு மேலே சிவப்பு மையால் எழுதி வைத்திருக்கிறேன். முற்பணம் வாங்கியவர் இன்னும் மீதித் தொகையைக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார்.