வெல்வெட் பல்லி: முட்டைக்கால நாட்குறிப்பு

நவம்பர் 2
பெண் பல்லி மண் தோண்டத் தொடங்கிவிட்டாள். அடிவயிற்றில் இரண்டு பக்கமும் புடைப்பு. வால்தான் கவலை. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்து வெல்வெட் பல்லிக்குக் கொழுப்புச் சேமிப்பெல்லாம் வாலில். நன்றாகத் தின்னும் பல்லிக்கு அது தடித்துக் கொழுத்து இருக்கும். இவளுக்கு அடிப்பக்கம் ஒடுங்குகிறது. ஆணைத் தனிப்பெட்டிக்கு மாற்றியாயிற்று. கூடவே விட்டால் ஓயாமல் துரத்துவான். அவள் தின்பதும் குறையும். இனி முட்டையிடும் வரை கிரிக்கெட் பூச்சி ஒவ்வொரு வேளையும் கால்சியம் பொடியில் புரட்டித்தான் போகும். பூச்சிக்கு முந்தின நாளே கேரட்டும் கீரையும். பட்டினிப் பூச்சியைப் போட்டால் பல்லிக்குப் போவது வெறும் ஓடுதான்.

நவம்பர் 9
இரண்டு முட்டை! ஈரப் பெட்டியின் மூலையில் புதைத்திருக்கிறாள். கெட்டியான ஓடு கிடையாது, தொட்டால் லேசாக அமுங்கும் தோல். எடுப்பதற்கு முன்பே மேல்பக்கம் பென்சிலால் புள்ளி வைத்தாயிற்று. கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் உள்ளேயே செத்துவிடும். ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டும் தண்ணீரும் சம எடை. பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டுகூட விழக்கூடாது. பாதி புதைத்து, மூடியில் இரண்டு ஊசித்துளை. இன்குபேட்டர் 28.5 டிகிரி. தெர்மோஸ்டாட்டின் உணர்முனை முட்டைப் பெட்டியை ஒட்டி இருக்கவேண்டும். சுவரில் ஒட்டினால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். மூடியோடு பெட்டி எடை 214 கிராம்.

நவம்பர் 10
வால் இன்னும் மெலிவு. தின்றாள்; அது போதும்.

நவம்பர் 24
இருட்டில் சின்ன டார்ச் வைத்துப் பார்த்தேன், முட்டையைத் தூக்காமல். ஒன்றில் செந்நிற நரம்புகள் ஓடுகின்றன. இன்னொன்று வெறும் மஞ்சள். மஞ்சளை எறிய மனமில்லை, எறியவும் கூடாது. பூஞ்சை படர்ந்து, சுருங்கி, நாற்றம் வரும்வரை எந்த முட்டையும் செத்ததாகக் கணக்கில்லை.

டிசம்பர் 6
நல்ல முட்டையில் குழி. எடை 205. போன 9 கிராமும் தண்ணீர்தான். அதே 9 கிராம், இன்குபேட்டருக்குள்ளேயே வைத்துச் சூடேறிய தண்ணீர், பெட்டியின் ஓரமாக. முட்டைமேல் ஒரு துளி படக்கூடாது. குழியைக் கண்டதும் தெளிப்பானை எடுத்து முட்டையையே நனைப்பவர்கள் உண்டு. அதில் மூச்சடைத்துப் போன முட்டைகளும் உண்டு.

டிசம்பர் 7
குழி நிரம்பிவிட்டது.

டிசம்பர் 19
அறை 34. இன்குபேட்டர் சூடாக்கத்தான் தெரிந்தது, குளிரவைக்கத் தெரியாது. தெர்மோஸ்டாட் சூட்டுக் கம்பியை அணைத்துவிட்டது, உள்ளே இருப்பது அறைச்சூடே. 25 என்றால் கரு மெதுவாக வளரும், அவ்வளவுதான். 33 தாண்டி மணிக்கணக்கில் நின்றால் முதுகு வளைந்த குஞ்சு, இல்லையென்றால் குஞ்சே இல்லை. முட்டைப் பெட்டியை அசையாமல் தெர்மோகோல் பெட்டிக்கு மாற்றி, தரையில் வைத்தாயிற்று. சூடு மேலேதான் நிற்கும். உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று, துண்டில் சுற்றி, எதிர் மூலையில். சுற்றாமல் வைத்தால் வியர்த்து நீர் முட்டைப்பக்கம் ஓடும். முதல் அரைமணியில் 26-க்கு விழுந்தது. பெரிய பாட்டில் வேண்டாம், சின்னதை அடிக்கடி மாற்றுவதே சரி. இப்போது 28.9.

பெரிய பல்லிகளுக்கு விளக்கு நிறுத்தம். மரப்பட்டைக்கு அடியில் ஒண்டிக்கிடக்கிறார்கள். கண்ணாடியில் தெளித்த துளியைத்தான் நக்குவார்கள், கிண்ணத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் 20
29.4. 28.8. 29.1.

டிசம்பர் 22
மஞ்சள் முட்டை நாறிவிட்டது. எடுத்தாயிற்று.

ஜனவரி 3
ஆண் சட்டை உரித்தான். ஒரு விரலில் மட்டும் வளையமாக ஒட்டிக்கொண்டது. விட்டால் இறுகி விரல் நுனியே போகும், ஒட்டும் தகடுகளும் கூடவே. வெதுவெதுப்பான ஈரத்துணியில் பத்து நிமிடம், பிறகு பஞ்சுக் குச்சியால் நுனியை நோக்கி உருட்டல். வாலைப் பிடிக்கவே கூடாது, கழற்றிப் போட்டுவிடுவான். அவள் வால், பார்த்தால், அடியில் மறுபடி நிறைந்திருக்கிறது!

ஜனவரி 9
முட்டைமேல் துளித்துளியாக நீர். கூடவே குழி. தண்ணீர் சேர்க்கவில்லை, எடை குறையவில்லை, இது தாகக் குழி அல்ல, குஞ்சு வெளிவரும் அறிகுறி. கத்தரிக்கோல் பக்கமே போகக்கூடாது. குஞ்சு ஓட்டைக் கீறிவிட்டு மணிக்கணக்கில் உள்ளேயே கிடக்கும், மஞ்சள்கரு உள்ளிழுபட அந்த நேரம் தேவை. குஞ்சுப் பெட்டி தயார்: டிஷ்யூ காகிதம், ஒரு பட்டைத் துண்டு, மணல் கிடையாது. தலை அகலத்தில் பாதி பருமனுள்ள பூச்சி, முதல் சட்டை உரித்த பிறகுதான். பல்லி வளர்ப்பு உரிமப் பதிவேட்டில் புதிய வரி.

ஜனவரி 10
கீறல். மூக்கு தெரிகிறது. 28.6.