ஓதம் பார்த்து ஒரு பாய்மரப் பயணம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையில் ஏர்லி பீச் என்றொரு சிற்றூர். அதன் துறையில் நின்று பார்த்தால் விட்சண்டே தீவுகள் கைக்கெட்டும் தூரத்தில் பச்சை மலைகளாகத் தெரியும். மொத்தம் 74 தீவுகள். விசைப்படகில் ஏறினால் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு அதுவே வசதி. ஆனால் அந்தக் கடலை அறிய வேண்டுமென்றால் பாய்மரப் படகில்தான் போக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அக்கா, அத்தான், அவர்கள் மகள், நான் என்று நால்வர் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் அப்படிப் போனோம்.

அங்கே வாடகைப் படகைச் சொந்தமாக ஓட்டிச் செல்ல உரிமம் தேவையில்லை. படகைத் தருபவர்கள் பாய் ஏற்றுவது முதல் கழிவறைக் குழாய் வரை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, நம்மை ஓட்டச் சொல்லிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். காலையும் மாலையும் ரேடியோவில் நாம் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். இரவில் ஓட்டக் கூடாது. மாலை 4 மணிக்குள் நங்கூரம் இறங்கியிருக்க வேண்டும். அத்தான் பல ஆண்டுகளாகப் பாய்மரப் படகு ஓட்டுபவர். அப்படிப்பட்டவரே, எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெண்மணியிடம் ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் பெண்மணி கடல் வரைபடத்தின் மேல், கடல்நீர் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையை வைத்து, "முதலில் இதைப் பாருங்கள், பிறகு அதைப் பாருங்கள்" என்றார்.

அதன் பொருள் முதல் நாளே விளங்கிவிட்டது. விட்சண்டே பகுதியில் நீர் ஏறும்போது ஓட்டம் தெற்கு நோக்கியும், வற்றும்போது வடக்கு நோக்கியும் இருக்கும். ஆகஸ்டில் அங்கு வீசுவதோ தென்கிழக்குக் காற்று. காற்றும் ஓட்டமும் ஒரே திசையில் போனால் கடல் படிந்து கிடக்கும். காற்றுக்கு எதிராக நீர் ஓடினால், அதே காற்றில், அதே இடத்தில், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். தீவுகளுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள விட்சண்டே கால்வாயை நாங்கள் கடந்துகொண்டிருந்தபோது ஓட்டம் திரும்பியது. அரை மணி நேரத்தில் முன்முனை நீரில் அறைய ஆரம்பித்தது. அத்தான் பெரிய பாயைச் சுருக்கிக் கட்டச் சொன்னார். படகின் சாய்வு குறைந்தது, வேகம் குறையவில்லை. காற்றுக்குத் தக்க பாயைக் கொடுத்தால் படகு எவ்வளவு இணக்கமாகப் போகிறது என்பதைச் சுக்கானைப் பிடித்திருந்த என் இரண்டு கைகளும் உணர்ந்தன.

அன்று நங்கூரம் போட்ட இடம் ஹூக் தீவின் தென்புறத்தில் உள்ள நாரா குடா. மலைகளுக்குள் நீண்டு புகும் ஒடுங்கிய நீர்ப்பரப்பு. இருபுறமும் ஹூப் பைன் மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. நங்கூரம் போடுவதில் கணக்கு இருக்கிறது. நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் 6 மீட்டர். இரவில் நீர் இன்னும் 3 மீட்டர் ஏறும் என்றது அட்டவணை. ஆக 9 மீட்டர் என்று வைத்து, அதைப்போல் 5 மடங்கு, 45 மீட்டர் சங்கிலி விட வேண்டும். அக்கா முன்முனையில் மண்டியிட்டு, சங்கிலியில் இருந்த வண்ணக் குறிகளை உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு நாங்கள் எஞ்சினைப் பின்னோக்கி இயக்க, அவர் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நங்கூரம் அடியில் இழுபட்டால் சங்கிலி அதிரும். கடித்துக்கொண்டால் அது இறுகி அசையாமல் நிற்கும். அது நின்ற பிறகுதான் எஞ்சினை அணைத்தோம். மலைச்சரிவிலிருந்து திடீர் திடீரென்று இறங்கும் காற்று இரவெல்லாம் படகைச் சுழற்றினாலும் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தோம்.

நாரா குடாவில் கரையேறி மலைப்படிகளில் சற்று ஏறினால் ஒரு குகை. இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான நாரோ மக்கள் தீட்டிய ஓவியங்கள் அதில் உள்ளன. இங்கு ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இருந்ததற்கு அகழாய்வில் சான்று கிடைத்திருக்கிறது. அன்று இவை தீவுகள் அல்ல, நிலத்தோடு சேர்ந்த மலைகள். கடைசிப் பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது பள்ளத்தாக்குகள் மூழ்கின, உச்சிகள் தீவுகளாயின. வேட்டையாடிய சமவெளி தலைமுறை தலைமுறையாக நீருக்கடியில் போவதைப் பார்த்தவர்கள் மரப்பட்டைகளைத் தைத்துப் படகு செய்து கடலோடிகளானார்கள். 1770 ஜூனில் இவ்வழியே வந்த ஜேம்ஸ் குக், ஆங்கிலத்தில் விட் சண்டே எனப்படும் பெந்தெகொஸ்தே ஞாயிறை வைத்து இந்தக் கால்வாய்க்குப் பெயரிட்டுப் போனார். எனக்கு அந்தக் குகைதான் பெரிதாகப் பட்டது.

அடுத்து ஹூக் தீவுக்கும் விட்சண்டே தீவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வழி. நீர் பாதி ஏறிய அல்லது பாதி வற்றிய வேளையில் அங்கே நீர் ஆறுபோல் ஓடும். நீர் நின்று திரும்பும் வேளையைக் குறித்து வைத்துக் கடந்தோம்.

விட்சண்டே தீவின் கிழக்கே டங் குடாவில் இறங்கி, காட்டுப்பாதையில் கொஞ்சம் ஏறினால் ஹில் இன்லெட் தெரியும் மேடை வந்துவிடும். எல்லோரும் பார்க்க விரும்பும் காட்சி அதுதான்: வெண்மணலும் நீல நீரும் சுழி சுழியாகக் கலந்து கிடக்கும் கழிமுகம். நீர் நன்றாக வற்றினால்தான் மணல்திட்டுகள் வெளியே வந்து அந்தக் கோலம் முழுமையாகத் தெரியும். நீர் வற்றினால் டங் குடாவின் கரையோரப் பவளத்திட்டும் வெளியே வந்துவிடும். கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியைக் கரைசேர்க்க முடியாது, கரையில் இருந்தால் வெளியே எடுக்க முடியாது. அத்தான் வழி சொன்னார். "நீங்கள் மூவரும் முதலில் போய் வாருங்கள். தண்ணீர் இறங்க இறங்க நான் டிங்கியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறேன்."

நாங்கள் மேலே போனபோது திட்டுகள் அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. ஆழமான ஓடைகள் கருநீலம், அதன் விளிம்பில் பச்சை, மணலை மூடி விரல் ஆழமே நீர் நிற்கும் இடத்தில் பால் கலந்தாற்போன்ற வெளிர்நீலம். ஓடையொன்றில் திருக்கை மீன்கள் மெதுவாகப் போவது அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திட்டின் முதுகு நீரைப் பிளந்து வெளியே வந்தது. ஒவ்வொரு ஓதத்திலும் மணல் இடம் மாறுவதால் நாங்கள் கண்ட கோலத்தை மறுநாள் வந்தவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். பிறகு நான் இறங்கிப்போய் இடுப்பளவு நீரில் டிங்கியைப் பிடித்துக்கொள்ள, அத்தான் ஓட்டமும் நடையுமாக மேலே போய்வந்தார்.

அங்கிருந்து தெற்கே தொடர்கிற வைட்ஹேவன் கடற்கரை 7 கிலோமீட்டர் நீளம். மணலில் 98 விழுக்காடு சிலிக்கா. அதனால் நண்பகலிலும் கால் சுடுவதில்லை. தேசியப் பூங்கா என்பதால் ஒரு பிடி மணல்கூட எடுத்துவரக் கூடாது.

என் மனம் அதிகம் தங்கியது ஹூக் தீவின் வடக்கே, மாண்டா ரே குடாவில். 2017 மார்ச்சில் டெபி புயல் இந்தத் தீவுகளின் மேலேயே கடந்தபோது இப்பக்கத்துப் பவளங்கள் நொறுங்கின. நீருக்குள் முகம் வைத்துப் பார்த்தால் உடைந்த துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் மேலேயே விரல் பருமனில் புதுக் கிளைகள். நெற்றி புடைத்த மாவோரி ராஸ் மீன் ஒன்று மிக அருகே வந்து, ஒரு கண்ணைச் சுழற்றி என்னைப் பார்த்துவிட்டுப் போனது. இப்படி மீண்டு வரும் பவளத்தின் மேல் ஒரு நங்கூரம் விழுந்தால் எத்தனை ஆண்டு வளர்ச்சி போய்விடும்! அதற்காகவே அங்கே வெள்ளைக் கூம்பு மிதவைகளை வரிசையாக விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே நங்கூரம் போடக் கூடாது. படகைக் கட்டுவதற்குத் தனி மிதவைகள் உண்டு. பகலில் பெரும்பாலானவற்றில் 2 மணி நேரம்தான் நிற்கலாம். மிதவை காலியில்லாவிட்டால் காத்திருங்கள், அல்லது வேறு குடாவுக்குப் போங்கள். "கொஞ்ச நேரம்தானே" என்று பவளத்தின் மேல் இரும்பைப் போடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று குட்டியோடு தெரிந்தது. சட்டப்படி விலகி நிற்க வேண்டும் என்பதால் பாயைத் தளர்த்தி, அவை கடந்துபோகும்வரை நின்றோம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. நாளைக் குறிக்கும் முன் ஓத அட்டவணையைப் பாருங்கள். நண்பகலை ஒட்டி நீர் வற்றும் நாளாக இருந்தால், காலையில் இறங்கு நீரிலேயே டங் குடாவில் கரையேறலாம், உச்சி வெயிலில் ஹில் இன்லெட்டின் நிறங்களும் கிடைக்கும். வெயில் தலைக்கு மேல் இருந்தால் நீருக்குள் பவளத்திட்டும் தெளிவாகத் தெரியும். நவம்பர் முதல் மே வரை என்றால் நச்சு ஜெல்லிமீன்களின் காலம். உடல் முழுவதும் மூடும் நீச்சலுடை இல்லாமல் நீரில் இறங்காதீர்கள்.